தேக்குக்கும் இரும்புக்கும் நடுவுல நான்

மரத்தையும் இரும்பையும் சேர்த்து வீட்டுக்கு உள்அலங்காரம் செய்யறது பார்க்க அழகான தொழில், செய்யறவனுக்குத்தான் கொஞ்சம் காயம் படும். வீடு கட்டி மாட்டிக்கினவங்களுக்கு இது தானா புரியும்.

துரு

சித்தூர்ல ஒரு பையன், பெங்களூர்ல வேலை. ஹால் அலமாரிக்கு துரு நிறத்துல இரும்புச் சட்டம், அதுமேல வழவழப்பில்லாத மாமரப் பலகை கேட்டான். உப்புத் தண்ணியும் வினிகரும் தெளிச்சு தெளிச்சு, நல்ல இரும்பைப் பாடுபட்டு துருப் பிடிக்க வெச்சோம். பையனுக்கு ஒரே சந்தோஷம், பெங்களூருக்குப் போயிட்டான்.

அடுத்த வாரம் பிச்சாட்டூர்ல இருந்து அவங்க நைனா வந்திருக்காரு. நான் எட்டிப் பார்த்தப்போ துருவை எல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, பளபளன்னு சில்வர் பெயிண்ட் அடிச்சு முடிச்சிட்டாரு. பலகைக்கும் பச்சை பெயிண்ட். எனக்கு அழுகையே வந்துடுச்சு. அதை அவர் வேற மாதிரி எடுத்துக்கினு, என்னைத் தனியா கூப்பிட்டுச் சொன்னாரு: "வுடுப்பா. துரு புடிச்ச இரும்ப என் புள்ளைக்குத் தள்ளிவுட்டத நான் அவன்கிட்ட சொல்லல."

காந்தம்

திருப்பதியில ஒரு வீட்டுல பூஜை ரூம் கதவு, தேக்குல பித்தளைப் பூ வேலை. சாமிக்கு முன்னாடி இரும்பே கூடாதுன்னு அந்த வீட்டம்மா கண்டிப்பா சொல்லியிருந்தாங்க. கதவு மாட்டின அன்னிக்கு ஃபிரிட்ஜ்ல ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்துக்கினு வந்து பூ பூவா வெச்சுப் பார்த்தாங்க. எதுலயும் ஒட்டல. எனக்கு மூச்சு வந்துச்சு.

கடைசிப் பூவைச் சோதிச்சுட்டுக் கையை மாத்தினப்போ, காந்தம் டக்குன்னு அவங்க தங்க வளையல்ல போய் ஒட்டிக்கிச்சு. கல்யாண நாளுக்கு வீட்டுக்காரர் வாங்கித் தந்ததாம். அவர் மெல்ல சமையலறைப் பக்கம் நகர்ந்தாரு. அந்தம்மா குரலை ஒசத்தாமதான் கேட்டாங்க: "ஏங்க, கதவு நல்லாத்தான் கீது. இந்த வளையல எந்தக் கடையில வாங்கினீங்க?"

மழைக்காலக் கதவு

நகரியில ஒரு சம்பந்தம் நின்னுபோனதுக்கு என் கதவுதான் காரணம்னு இன்னிக்கும் பேசிக்கினு இருக்காங்க. நடந்தது இதுதான். படுக்கையறைக்கு இரும்பு நிலை, மரக் கதவு. ஐப்பசி மழையில மரம் ஊதி, நிலையில இறுகிப்போச்சு. உள்ள அந்த வீட்டுப் பொண்ணு. ஹால்ல பொண்ணு பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் கேசரி துன்னுக்கினு இருக்காங்க.

பொண்ணோட அப்பா போன் பண்ண, தச்சரையும் வெல்டரையும் இழுத்துக்கினு ஓடினேன். நிலையில இடமே வுடலன்னு தச்சர், காயாத பச்சை மரத்தை வெச்சுட்டாருன்னு வெல்டர். ரெண்டு பேரும் கதவைத் தொடாமலே சண்டை. நல்ல நேரம் தாண்டிக்கினு இருந்துச்சு. எனக்கு வேர்த்துக் கொட்டுது. கதவுல வாயை வெச்சு, தோ தெறந்துடுறோம்மா, பயப்படாதேன்னு சொன்னேன்.

உள்ளேயிருந்து சன்னமா பதில் வந்துச்சு: "அண்ணா, மாப்பிள்ளைய ஜன்னல் வழியா பார்த்துட்டேன். நீங்க நிதானமாவே தெறங்க."

மரத்தையும் இரும்பையும் சேர்க்க ஸ்க்ரூ இருக்கு, ஒரே வீட்டுல இருக்கிற ரெண்டு பேரோட ரசனையைச் சேர்க்கத்தான் எந்த ஹார்ட்வேர் கடையிலயும் ஒண்ணும் கிடைக்க மாட்டேங்குது.