தறி ஷெட்டுக் கூகையின் வலது இறக்கை

பறவை வைத்தியத்தில் நோயாளி வாயைத் திறக்கமாட்டார். கூட வந்தவர் மூடமாட்டார். மாடு, நாய் என்று பார்த்துவிட்டு, கோவையில் பறவைக்கும் போர்டு மாட்டிக்கொண்ட என்னைப் போன்ற சக பாவிகளுக்கு இது புதிதல்ல.

எக்ஸ்ரே

சோமனூர் விசைத்தறிக்காரர் முருகசாமி ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தார். உள்ளே வெள்ளை முகத்துக் கூகை. அவருடைய ஷெட்டில் எலி பிடிக்கத் தாழ்ந்தபோது ஃபேனில் வலது இறக்கை அடிபட்டிருந்தது.

எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. ஆனால் எலும்பின் நடுவில் தெரிந்த வெற்றிடம் அவரைக் கலக்கிவிட்டது. பறக்கிற உடம்பு கனக்கக் கூடாது, அதனால் அது குழாய். உங்கள் ஷெட் கூரைக்கு அடியில் குறுக்கும் மறுக்குமாகக் கம்பி பற்றவைத்திருப்பது போல உள்ளே மெல்லிய தாங்கல்கள் இருப்பதால் நசுங்காது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "அதெல்லாஞ் சரிங்க டாக்டரம்மா. ஆட்டுக்கால் சூப்பு ஊத்துனா உள்ள ரொம்பிக்குமுங்களா?"

ஒடிந்தது இறகு

எலும்பு தப்பியது, இறக்கை நுனியின் நீண்ட இறகுகள் தப்பவில்லை. காற்றைத் தள்ளி உடம்பை முன்னே கொண்டுபோவது அவைதான். நகம் போல உயிரற்ற பொருள். ஆனால் நகம் போல வளராது. மிச்சமிருக்கும் தண்டு தானாக உதிர்ந்த பிறகே புதிது முளைக்கும். ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகலாம் என்றேன்.

முருகசாமி பெட்டியைப் பார்த்தார். ஓடுகிற தறியின் பாவு நூலை எலி கடித்தால் தறி நின்றுவிடும். "அதுவரைக்கும் எலி பட்டினி கெடக்குமுங்களா?"

மயில்

இன்னொரு வழி இருந்தது: உதிர்ந்த கூகை இறகை ஒடிந்த தண்டில் பொருத்துவது. வனத்துறையிடம் சொல்லிச் சம்மதம் வாங்கிவிட்டேன். இறகு கிடைக்கவில்லை. முருகசாமி விடுவதாக இல்லை. காக்கை இறகு கொண்டுவந்தார், கோழி இறகு கொண்டுவந்தார், ஒருநாள் பஸ்ஸில் மயில் தோகையோடு வந்து இறங்கினார். அது அலங்காரத்துக்கு, பறக்கிற இறகு ஒரு பக்கம் குறுகி மறுபக்கம் அகன்று காற்றை வெட்ட வேண்டும் என்றேன். "பெருசா மாட்டுனா சீக்கிரம் ஊடு வந்து சேருமுன்னு பாத்தனுங்க."

சகுனம்

அடுத்து வந்தது அவர் மனைவி சரோஜா, தனியாக. கூகை வீட்டுக்கு ஆகாது என்று ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தவர். மேஜைமேல் ஒரு பையைக் கவிழ்த்தார். அத்தனையும் கூகை இறகு. ஷெட் கூரையிலிருக்கும் இதன் ஜோடி உதிர்த்ததை, வீட்டுக்காரர் கண்ணில் படாமல் தினமும் கூட்டிக் கொல்லையில் போட்டு வந்திருக்கிறார். இப்போது ஏன் என்றேன். "நேத்து எலி பாவு நூலக் கடிச்சுப்போட்டுதுங்க. சகுனத்த அப்புறம் பாத்துக்கலாமுங்க."

வெள்ளோட்டம்

வலது இறக்கைக்கானவற்றைப் பொறுக்கி, அளவாக வெட்டி, மூங்கில் ஊசி செருகி ஒட்டினேன். மயக்க மருந்து தெளிந்ததும் சில நாள் கூண்டில் பழக்கிவிட்டு, ஒரு சாயங்காலம் ஷெட்டுக்கே கொண்டுபோனேன். தறியையும் ஃபேனையும் நிறுத்தினார்கள். முதல் முறை நூல் மூட்டைமேல் விழுந்தது. எடுத்து மறுபடி விட்டேன். எங்கள் தலைக்கு மேலே ஒரு வெள்ளை நிழல் போனது.

தரையிலேயே கண் வைத்திருந்த முருகசாமி, "போயிருச்சுங்களா? சத்தமே கேக்கலீங்களே" என்றார். கூகை இறகின் ஓரம் சீப்பு மாதிரி, காற்றைச் சத்தமில்லாமல் பிரிக்கும் என்று நான் தொடங்குவதற்குள் கூரையைப் பார்த்தபடி சரோஜா சொன்னார்: "எலிக்கும் கேக்காதுங்க. உடுங்க, தறியப் போடலாம்."

குணமான என் நோயாளி யாரும் இதுவரை திரும்பிப் பார்த்ததில்லை. பார்த்தால்தான் நாம் கவலைப்பட வேண்டும்.