சவரிமுத்து ஜிக்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே என் பெயரைத் தொலைத்தேன். ஊரில் நான் எஸ். அருள்ராஜ். எஸ் என்றால் சவரிமுத்து, என் அப்பா. எண்பதுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பிஸ்கட்டவே என்ற ஊரின் நூலகமொன்றில் கொடுத்த ஃபாரத்தில் ‘ஃபர்ஸ்ட் நேம்’ என்றிருந்தது. முதலில் வருவது இனிஷியல்தானே என்று சவரிமுத்து என எழுதிவிட்டேன். அன்றிலிருந்து எல்லாருக்கும் நான் ‘சவாரி’.

“அது எங்கப்பா பேருங்க,” என்று மேலாளர் லிண்டாவிடம் சொன்னேன்.

“சம்பளப் பட்டியல்ல ஏறிடுச்சு சவாரி. மாத்தினா உன் கிரீன் கார்டுக்குத்தான் தொல்லை. விடு.”

விட்டேன். அடுத்த வருஷம் அப்பா இறந்தார். கிரீன் கார்டு கைக்கு வரும்வரை நாட்டைவிட்டு நகராதே என்றார் வக்கீல். நகரவில்லை. மறுநாள் ஆபீசில் வழக்கம்போல “குட் மார்னிங் சவாரி” என்றார்கள். செத்துப்போனவர் பெயருக்கு நான் தலையாட்டினேன். என்னை அருள் என்று கூப்பிட அந்த நாட்டில் ஒரு ஆள் இல்லை. அறையில் நானே என்னைக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். பைத்தியம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

பழைய ஐரிஷ் நாட்டுப்புற இசை டேப்புகளுக்கு கேட்டலாக் கார்டு அடிப்பது என் வேலை. ஒரு மெட்டுக்கு ஒரு மெயின் கார்டு. அதன் மற்ற பெயர்களுக்கெல்லாம் ‘அங்கே பார்’ என்று மெயின் கார்டைக் காட்டும் ஒரு சீ கார்டு. மெட்டுகளை அடையாளம் சொல்ல டூலன் வருவார். அயர்லாந்துக்காரர், ரிட்டயர்ட் பஸ் டிரைவர், பிடில் வாசிப்பார்.

ஒரு ஜிக், அதாவது துள்ளி ஆடுவதற்கான மெட்டு, எங்களைப் படாதபாடு படுத்தியது. ஒரு டேப்பில் ‘நனைந்த வைக்கோல்’, இன்னொன்றில் ‘தையல்காரன் கழுதை’, மற்றொன்றில் ‘கேட்டி அத்தை’. கேட்டால் எல்லாம் ஒரே மெட்டு.

“இதுல எதுங்க ஒரிஜினல் பேரு?”

“எல்லாமேதான். வடக்கத்திக்காரன் எங்க ஊர்ல பொறந்ததும்பான், மேற்கத்திக்காரன் அடிக்க வருவான். பேரு தெரியலைன்னா, யார்கிட்ட கத்துக்கிட்டோமோ அவங்க பேரை வெச்சிருவோம். கேட்டி அத்தை வந்தது அப்படித்தான்.”

அந்தக் குளிர்காலத்தில் டூலனுக்கு ஸ்ட்ரோக் வந்தது. திரும்பி வந்தபோது விரல்கள் ஓடின, மெட்டுகள் பல மறந்துபோயிருந்தன. அந்த ஜிக்கைத் தொடங்கிப் பாதியில் நின்றுவிட்டார். மாதக்கணக்கில் டேப்பை ஓடவிட்டுக் கார்டு அடித்தவனுக்கு மீதி தெரியாதா? பாடிக் காட்டினேன். என் வாயையே பார்த்தபடி வாசித்து முடித்தார்.

“இனிமே இது உன்கிட்ட கத்துக்கிட்டது. ஒரு சீ கார்டு போடு. முழுப் பேரு என்ன?”

அருள்ராஜ் என்று சொல்ல வாயெடுத்தேன். எத்தனை நாள் ஏக்கம்! ஆனால் அப்பாவின் அடக்கத்துக்குப் போய் ஒரு பிடி மண் போடாதவன் நான். இதையாவது போடலாம் என்று தோன்றியது.

“சவரிமுத்து. சவாரி இல்ல, சவரி. எங்கப்பா பேரு. அவரு இல்ல இப்ப.”

டூலன் பிடிலை மடியில் வைத்தார்.

“அப்போ உன் பேரு?”

“அருள்.”

“அருள், அந்த ரெண்டாம் பாகத்தை இன்னொரு வாட்டி பாடு.”

பாட முடியவில்லை. டேப்பை ஓடவிட்டேன்.

புதிதாக வேலைக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பெயரைத் தப்பாகக் கூப்பிட்டால் மேலாளரிடம் சொல்லிவிட்டு ஓய்ந்துவிடாதீர்கள். பக்கத்து நாற்காலிக்காரரிடமும் சொல்லுங்கள். நான் சொல்லியிருந்தால் டூலன் முதல் நாளே அருள் என்று கூப்பிட்டிருப்பார்.