மாலை வாங்கும் இலாகாவின் ஜமீலா மேடம்

எச்.ஆர். என்கிற எங்கள் மனிதவளப் பிரிவை நடத்திவந்த ஜமீலா மேடம் இறந்த செய்தியை லப்பைக்குடிக்காட்டிலிருந்து அவருடைய தம்பி போன் செய்து சொன்னார். "அக்கா மவுத்தாயிட்டாங்க. அஸர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். ஆபீஸ்ல சொல்லிடுங்க." எங்கள் சிமெண்ட் ஆலையின் தலைவருக்கு நான்தான் சொன்னேன். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பெயர் அச்சில் வந்தால் மகிழ்ந்துபோகிற மனிதர் அவர்.

"அப்படியா, பாவம். பெரிய மாலையா ஒண்ணு சொல்லிடுப்பா," என்றார்.

"நீங்களே பார்த்து வாங்கிட்டு வந்துடுங்க சார்," என்றேன்.

ஆள் உயர ரோஜா மாலையோடு வந்து இறங்கினார். தம்பி வாசலிலேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கள்ல மாலை போடுற வழக்கமில்லைங்க. நீங்க வந்ததே போதும்," என்று பணிவாகச் சொல்லிவிட்டார். இத்தனை வருடம் கூட வேலை பார்த்த பெண்ணின் வீட்டு வழக்கம் தலைவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொல்லவில்லை. மாலையை எங்கே வைப்பதென்று புரியாமல் டிரைவரைத் தேடிக்கொண்டு அவர் நின்றபோது, துக்க வீடு என்றும் பாராமல் எனக்கு மனம் குளிர்ந்தது.

ஏன் என்று, இந்த அஞ்சலியைப் படிக்கிற, மேடத்தோடு வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும். மூட்டை நிரப்பும் பகுதிக்குப் புது இயந்திரம் வாங்குவது பற்றி முன்பு ஒரு கூட்டம் நடந்தது. மேடத்தை அழைக்கவில்லை. அவராகவே போனார், நானும் கூடப் போனேன். "மிஷினை முடிவு பண்ற அன்னிக்கே அதை ஓட்டப் போற ஆளையும் முடிவு பண்ணணும் சார். நம்ம ஆளுங்களுக்கே கத்துக்கொடுத்துடலாம்," என்றார். அவர்களை வீட்டுக்கு அனுப்புவதுதான் தலைவரின் எண்ணம். "தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ், யாராவது செத்தா மாலை. எச்.ஆர். அதைப் பார்த்தா போதும்மா," என்றார். அறையே சிரித்தது. மேடத்துக்கு உட்கார ஒரு நாற்காலிகூட யாரும் போடவில்லை.

வெளியே வந்து நான் பொரிந்து தள்ளினேன். மேடமோ, "ஆளைக் குறைக்க எச்.ஆர். எதுக்கு? கேட்டைப் பூட்டினா போதுமே," என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார்.

இயந்திரம் வந்தது. அதை ஓட்ட வெளியூரிலிருந்து வந்தவர்கள் அரியலூர் வெயிலையும் தூசியையும் பார்த்துவிட்டு ஒருவர் பின் ஒருவராக ஊருக்கு மூட்டை கட்டினார்கள். சிமெண்ட் ஏற்ற வந்த லாரிகள் கேட்டுக்கு வெளியே வரிசையாக நின்றன. கடைசியில் நம் ஆட்களுக்கே கற்றுக்கொடுக்கச் சொல்லித் தலைவரே மேடத்தின் அறைக்கு நடந்து வந்தார். மேடம் கேட்டது ஒன்றுதான். இனி எந்தத் திட்டமும், எந்த உயர் பதவி நியமனமும் நீட்டிப்பும் எச்.ஆர். சம்மதமில்லாமல் நடக்கக் கூடாது. தலைமையகம் அதை ஒப்புக்கொண்ட பிறகே பயிற்சியைத் தொடங்கினார். குன்னத்திலிருந்தும் தா.பழூரிலிருந்தும் மூட்டை தூக்க வந்தவர்கள்தான் இன்று அந்த இயந்திரத்தை ஓட்டுகிறார்கள். சீருடை கொடுத்து வருகையைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்த எங்கள் பிரிவுக்கு ஆலையின் பெரிய முடிவுகளில் இடம் கிடைத்தது அப்படித்தான்.

அந்தப் பயிற்சிக்குச் சென்னையில் விருது கொடுத்தார்கள். மேடம் அப்போது திருச்சியில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். விழாவை என் போனில் இருவரும் பார்த்தோம். "இது என்னோட கனவுத் திட்டம்," என்று மேடையில் தலைவர் பேசினார். பேச்சு முடியும்வரை மேடத்தின் பெயர் வரவில்லை. "சவுண்டைக் குறைங்க, பக்கத்து பெட்ல தூங்குறாங்க," என்றார் மேடம். கொஞ்ச நேரம் கழித்து, "என் பேரையும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல," என்றார். தனக்கென்று எதையும் கேட்டறியாத மனுஷி. அன்று எனக்கு மூண்ட ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, அடக்கும் எண்ணமும் இல்லை.

அடக்கம் முடிந்து திரும்புகையில் தலைவர் என் தோளில் கை போட்டார். "நீ அவங்களைப் பத்தி எழுதுறப்ப, நான்தான் வளர்த்துவிட்டேன்னு ரெண்டு வரி சேர்த்துக்கப்பா." சேர்த்துவிட்டேன் சார். இரண்டு வரியில் அடங்கவில்லை.

இந்த வருடம் அவர் ஓய்வு பெற வேண்டும். பதவி நீட்டிப்புக் கேட்டிருக்கிறார். மற்றவர்கள் எல்லோரும் சரி என்று சொல்லிவிட்டார்கள். மேடத்தின் பதவியில் இப்போது இருக்கிற என் சம்மதம் மட்டும்தான் பாக்கி. "பழி தீர்க்கவா நான் அந்த உரிமையை வாங்குனேன்?" என்று மேடம் கடிந்துகொள்வார். கடிந்துகொள்ளட்டும். அவருடைய பொறுமை எனக்கு வாய்க்கவில்லை. அவர் வாங்கிக் கொடுத்த உரிமைதான் என்னிடம் இருக்கிறது.

திங்கட்கிழமை தலைவரை என் அறைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். முதலில் உட்கார வைப்பேன். முடியாது என்பேன். காரணம் கேட்பார். அன்று மேடையில் அவர் சொல்லாமல் விட்ட பெயரைச் சொல்வேன்.