ஆறு மாதத்துக்கு எதற்குப் புது டயர்?

சிங்கப்பூரில் காருக்குப் பத்தாண்டு உரிமம்; அது முடிந்தால் பெரும்பாலும் வண்டியை உடைக்கக் கொடுத்துவிடுவார்கள். எங்கள் காருக்கு அது முடிய ஆறு மாதம் இருந்தது. டயர்களின் பக்கவாட்டில் வெடிப்புகள் ஓடியிருந்தன. மாற்றிவிடலாம் என்று கணவரிடம் சொன்னேன்.

"ஸ்கிராப்புக்குப் போற வண்டி லா. செத்தவனுக்கு யாராவது புதுச் செருப்பு வாங்குவாங்களா?" என்று சிரித்தார். நானும் விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் தேக்கா சந்தையில் சாமான் வாங்கிக்கொண்டு ஈசூனில் உள்ள வீட்டுக்குத் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. விரைவுச்சாலையில் முன்பக்க டயர் வெடித்து, கார் சுழன்று தடுப்பில் மோதியது. அவருக்குக் கீறல்கூட இல்லை. என் வலது மணிக்கட்டு முறிந்தது.

மருத்துவமனையில் எனக்கு மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது, "நல்ல வேளை, டயருக்குச் செலவு பண்ணலை. வண்டிதான் போச்சே" என்றார்.

இப்போது வேறு கார் வாங்கியிருக்கிறோம். அதன் டயர்களில் தயாரித்த ஆண்டைப் பார்த்தேன், பழையவை. ஜாலான் புசார் பக்கம் ஒரு கடையில், மழையில் நன்றாகப் பிடிக்கும் டயர்களாக நானே தேர்ந்தெடுத்து மாற்றினேன். அவரிடம் கேட்கவில்லை. ஒவ்வொரு மாதமும் குனிந்து நான்கையும் பார்க்கிறேன். வெடிப்பு தெரிந்தால், மாற்றும்வரை ஏறமாட்டேன்.

அந்த மணிக்கட்டு இன்னும் குழம்புச் சட்டியைத் தூக்குவதில்லை. பழைய கார், அவர் சொன்னபடியே, ஸ்கிராப்புக்குப் போய்விட்டது.