சம்சாரிக்கு

பரிபூரணம் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணித் தறியில் வேலை பார்த்தாள். தறி ஓடும்போது பேச்சு எதுவும் காதில் விழாது. நூல் அறுந்தால் மட்டும் ஒரு கத்தல் கத்த வேண்டும். மற்றபடி வாயே திறக்க வேண்டாம் என்பது அவளுக்கு ரொம்பத் தோது. வீட்டிலும் அப்படியே இருந்துவிட்டாள்.

1993இல் மலைக்கு அந்தப் பக்கத்து மலையாள நாடகக்காரர்களும் இந்தப் பக்கத்தவர்களும் தறிக்கு அடுத்த சரக்குக் கிட்டங்கியில் ஒரு மாதம் ஒன்றாகத் தங்கி நாடகம் தயாரித்தார்கள். சோதனைச் சாவடி வழியாகக் கேரளத்துக்கு அரிசி கடத்தும் பெண்களைப் பற்றிய நாடகம். ஜன்னலில் நின்று தினமும் வேடிக்கை பார்த்தவளையே அரிசிக்காரியாகப் பிடித்துப் போட்டார் மலையாள இயக்குநர் குட்டப்பன் மாஸ்டர். ஒரே வசனம்: "மூட்டையில தவிடுதான் சார் இருக்கு."

அதை ஊரறியச் சொல்லிவிட வேண்டும் என்று பரிபூரணத்துக்கு ஆசை பிடித்துக்கொண்டது. தறியிடம் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள்.

வீட்டுக்காரர் சமுத்திரத்துக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "உப்பு தீந்துபோச்சுன்னே சொல்லத் தெரியாது. ஏட்டி, நீ மட்டும் பேசிட்டேன்னா நாளையிலேருந்து தெருக்குழாயில நான் தண்ணி புடிக்கேன்."

ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடியில் மேடை. சாவடி அதிகாரியாக நடித்த மலையாளி, "மூட்டையில் எந்தா?" என்றார். பரிபூரணம் கூட்டத்தைப் பார்த்தாள். முன்வரிசையில் சமுத்திரம் கடலை உடைத்துக்கொண்டிருந்தார். நாக்கு ஒட்டிக்கொண்டது.

ஒரு மாதமாகத் தமிழில் "பேசு, பேசு" என்று சொல்லிக்கொடுத்த மாஸ்டருக்குப் பதற்றத்தில் தாய்மொழிதான் வந்தது. திரை மறைவிலிருந்து, "சம்சாரிக்கு! சம்சாரிக்கு!" என்றார்.

மலையாளத்தில் அதற்குப் 'பேசு' என்று அர்த்தம். இந்தப் பக்கம் சம்சாரி என்றால் விவசாயி. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் சம்சாரி வேஷத்தில் ஐயாதுரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கொடுக்கச் சொல்கிறாராக்கும் என்று, மூட்டையை அவர் மடியில் வைத்துவிட்டாள்.

அதிகாரி ஒரு கணம் முழித்தார். பிறகு ஐயாதுரையின் துண்டைப் பிடித்து இழுத்தார்.

"ஏட்டி, பீடி குடிக்கிறது ஒண்ணுதான் எனக்கு வேலைன்னாங்க. என்னைய எதுக்குட்டி மாட்டிவிடுத?" என்றார் ஐயாதுரை. கூட்டம் சிரித்தது.

அவர் பரிதாபமாக இழுபட்டதைப் பார்த்ததும் பரிபூரணத்துக்கு வசனம் மறந்தது, பயமும் மறந்தது. நூல் அறுந்தால் வரும் குரல் வந்தது.

"அவிய பாவம், விடுங்க. அரிசி என்னோடது. அங்க கொண்டு போனா அள்ளித் திங்கிறது நீங்கதான?"

அதிகாரி துண்டை விட்டுவிட்டார். கைதட்டலில் மாஸ்டர் திரையை இழுத்துவிட்டார். அடுத்தடுத்த ஊர்களில் நாடகம் அப்படியேதான் முடிந்தது.

மறுநாள் காலை சமுத்திரம் இரண்டு குடங்களோடு குழாயடியில் பெண்களுக்குப் பின்னால் நின்றார். வாசலிலிருந்து தறிக்குரல் தெரு முழுக்கக் கேட்டது.

"வரும்போது உப்பு வாங்கிட்டு வாங்க."