எட்டாம் அறைச் சாக்சபோன்

முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவர்களே, நாம் காலையில் காலுறை மாட்டிவிடுகிற மனிதர் ஒரு காலத்தில் யாராக இருந்தார் என்று நமக்கு எவரும் சொல்வதில்லை. டென்மார்க்கின் ஹேர்னிங்கில் நான் வேலை செய்யும் இல்லத்தின் எட்டாம் அறைக்கு எரிக் வந்தபோதும் அப்படித்தான். ஜாஸ் சாக்சபோன் வாசிப்பவராம். கலியாண வீட்டு பாண்டில் வாசித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

கதவடியில் நின்றவர்

முதல் வாரமே கோப்பன்ஹேகனில் இருந்து ஒருவர் எரிக்கைப் பார்க்க வந்தார். அவரும் பெயர்பெற்ற சாக்சபோன் கலைஞராம், தலை முழுக்க நரை. நான் எரிக்கின் வீங்கிய காலில் காலுறையை இழுத்துக்கொண்டிருக்க, அவர் உள்ளே வராமல் கதவடியிலேயே நின்றார். வாருங்கோ என்று கூப்பிட்டேன். அவர் மெதுவாக என்னிடம் கேட்டார்: "அவற்ற காலைப் பிடிச்சிருக்கிறியள், உங்களுக்குக் கை நடுங்கேல்லையா?"

அதற்குப் பிறகுதான் நடுங்கியது.

பல் ஊறும் குவளை

நாதஸ்வரத்துக்குப் போலச் சாக்சபோனுக்கும் ஊதும் வாயில் பொருத்துகிற மெல்லிய நாணல் துண்டு, சீவாளி, உண்டு. எரிக் தன் கடைசி நல்ல சீவாளியைப் பொய்ப்பல்லோடு ஒரே குவளையில் ஊறப்போட்டிருந்தார். என்னோடு வேலை செய்யும் மன்னார் றீற்றா அக்கா பல்லைக் கழுவி வைத்துவிட்டு, சீவாளியைக் குப்பையில் போட்டுவிட்டார். பிறகு இரண்டு பேரும் கையுறை போட்டுக்கொண்டு குப்பைப் பையைக் கிளறினோம். சீவாளி கிடைத்ததும் அக்கா சிலுவை போட்டுக்கொண்டார்.

"ஐஸ்கிறீம் குச்சி எண்டெல்லோ நினைச்சன், மாதாவே!"

தண்ணீர்ப் போத்தல்

எரிக்கின் நுரையீரல் பழுது. சாக்சபோனைத் தொடவே கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். ஆனால் எரிக்குக்கு ஒரு முறை வாசிக்க வேண்டும், அதுவும் ஒரே ஒருவருக்காக. அவருடைய மனைவி இங்கா இதே இல்லத்தின் மறுபக்கத்தில் இருக்கிறார். நினைவு போய்விட்டது, கணவரை மின்சாரம் திருத்த வந்தவர் என்று நினைக்கிறார். ஊரே எழுந்து கைதட்டிய கச்சேரிகளுக்குப் பிறகும், வீட்டுக்குப் போகும் காரில் குறை சொன்ன ஒரே ஆள் அவர்தானாம்.

மூச்சுப் பயிற்சிக்குத் தண்ணீர்ப் போத்தலும் குழாயும் கொடுத்தார்கள். மற்றவர்கள் ஊதினால் நாலு குமிழி வரும். எரிக் கன்னத்தில் காற்றை அடைத்து ஊதிக்கொண்டே மூக்கால் மூச்சு இழுத்தார், குமிழி நிற்கவேயில்லை. நான் செய்துகொண்டிருந்த வேலையை மறந்து நின்றேன். பார்த்துக்கொண்டிருந்த டொக்டர் கடைசியில் சொன்னார்: "ஒரே ஒரு பாட்டு. நானும் வந்து கேட்பன்."

ஞாயிறு கோப்பி

ஞாயிற்றுக்கிழமை கோப்பி நேரம் இங்காவின் நாற்காலியை எரிக்குக்கு முன்னால் தள்ளி வைத்தேன். நான் காலையில் குளிப்பாட்டிய உடம்பில் இருந்தா அந்தச் சத்தம் வந்தது! கேக் வெட்டியவர் கத்தியோடு நின்றார். றீற்றா அக்கா கோயிலில் நிற்பதுபோலக் கைகளைக் கோர்த்துக்கொண்டார். எனக்கு ஜாஸ் தெரியாது, ஆனால் தள்ளிவந்த நாற்காலியின் பிடியை விடாமல் கேட்டேன். பாட்டு முடிந்தது. எரிக் மூச்சு வாங்கியபடி மனைவியின் முகத்தையே பார்த்தார். இங்கா கோப்பிக் கோப்பையை மேசையில் வைத்தார்.

"நடுவில திரும்பவும் அவசரப்பட்டிட்டாய், எரிக்."

எரிக் சாக்சபோனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். இப்போதெல்லாம் என் வீட்டுக்காரர் கறிக்கு உப்புக் கூடிப்போச்சு என்று சொன்னால், என் பெயரைச் சேர்த்துத்தான் சொல்கிறாரா என்று மட்டும் பார்த்துக்கொள்கிறேன்.