லென்சுக்கு ஒரு துருக்கித் தொப்பி

என்னிடம் புகைப்படப் பெட்டி இருக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்தான். யாராவது கல்யாணப் பேச்சை எடுத்தால் போதும், "படம் பிடிக்கணும்னா சொல்லுங்க, நம்மகிட்டப் பெட்டி இருக்கு" என்று ஆரம்பித்துவிடுவேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயும் அதற்குச் சளைத்ததில்லை.

அப்போது நான் மதுரையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். யுத்த காலம். எங்கள் பள்ளிக்கூடத்துப் பியூன் சமயநல்லூர்க்காரன். அவன் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். அடுத்த செவ்வாய்க்கிழமை ரயிலேற வேண்டும். புதன்கிழமை சாயங்காலம் அவன் மனைவி மூன்று மாதப் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"ஐயா, டவுன்ல ரெண்டு கடையில கேட்டுட்டோம். பிளேட்டு வரத்து இல்லை, இப்ப முடியாதுன்னுட்டாங்க. நீங்க ஒரே ஒரு படம் பிடிச்சுக் குடுங்க. இவரு திரும்பி வர எம்புட்டு நாளாகுமோ. இந்தப் புள்ளைக்கு அப்பன் மூஞ்சி தெரியணும்ல?"

இதற்கு மாட்டேன் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? "அதுக்கென்னம்மா, சனிக்கிழமை வாரேன்" என்று சொல்லி அனுப்பினேன். அவள் தெருமுனை திரும்பும் வரை பொறுத்திருந்துவிட்டு என் மனைவி மெதுவாகக் கேட்டாள்: "சரி, மூடிக்கு என்ன செய்யப் போறீங்க?"

அந்த மூடியின் கதையைச் சொல்லியாக வேண்டும். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு பாதிரியாரிடம் பன்னிரண்டு ரூபாய்க்கு நான் வாங்கிய பழைய பெட்டி அது. மரத்தால் ஆனது, மூன்று கால், முன்னால் பித்தளைக் குழாய்க்குள் லென்சு. இப்போதைய பெட்டிகளைப் போல விசையைத் தட்டினால் திறந்து மூடுகிற வேலையெல்லாம் அதில் கிடையாது. லென்சின் மேல் ஒரு மூடி இருக்கும். அதைக் கையால் கழற்றி, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி, மறுபடி மாட்ட வேண்டும். அந்த மூன்று எண்ணிக்கைக்குள் உள்ளே இருக்கிற கண்ணாடிப் பிளேட்டில் போய் விழுகிற வெளிச்சம்தான் படம். மூடி இல்லையென்றால் பெட்டி வெறும் மரச்சாமான்.

அப்படிப்பட்ட மூடியை ஒரு மாதத்துக்கு முன்னால் சோழவந்தான் கொடிக்காலில் தொலைத்திருந்தேன். வெற்றிலைக் கொடிக்கு நடுவே நிழல் அழகாக விழுகிறதே என்று படம் பிடிக்கப் போனவன், மூடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாய்க்காலில் குனிந்து கை கழுவினேன். அது பாட்டுக்குத் தண்ணீரில் விழுந்து போய்விட்டது. கொடிக்கால்காரர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தேடிப் பார்த்துவிட்டு, "மீன்தான் சார் இருக்கு, வேணுமா?" என்றார்.

சென்னையில் ஒரு கடைக்கு எழுதிக் கேட்டேன். பழைய சரக்கில் ஒன்று இருக்கிறது, விலை ஐந்து ரூபாய், தபால் கூலி தனி என்று பதில் வந்தது. பன்னிரண்டு ரூபாய்ப் பெட்டிக்கு ஐந்து ரூபாயில் மூடியா! எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கடிதத்தை நாலாய்க் கிழித்தேன். இப்போது அந்த ஐந்து ரூபாயைக் கொடுக்கலாம் என்றாலும் சனிக்கிழமைக்குள் வந்து சேராது.

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்ததிலிருந்து வீட்டில் வட்டமாக இருந்த ஒரு பொருளையும் நான் விடவில்லை. பவுடர் டப்பாவின் மூடி பெரிதாக இருந்தது. பெட்டியைச் சற்றுச் சாய்த்ததும் கழன்று உருண்டது. கொட்டாங்கச்சி ஒன்றைத் தேய்த்துத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவந்தேன், கடைசித் தேய்ப்பில் இரண்டாகப் பிளந்தது. தகரவேலை செய்பவர் ஒருவர் ஓரணாவுக்கு ஒரு மூடி வெட்டிக் கொடுத்தார். அது பித்தளையைக் கீறியதோடு என் விரலையும் பதம் பார்த்தது. சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தபோது மனைவி காபி டம்ளர்களைத் தூக்கிப் பரணில் வைத்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் பெட்டியிலிருந்து லென்சுக் குழாயை மட்டும் கழற்றித் துண்டில் சுற்றிக்கொண்டு கடைவீதியில் அலைந்தேன். காஜிமார் தெருப் பக்கம் போனபோது ஒரு கடையில் துருக்கித் தொப்பிகளை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். சிவப்புக் கம்பளித் துணி, உச்சியில் கறுப்புக் குஞ்சம். மெத்தென்று இருக்கிறது, வட்டமாக இருக்கிறது, ஆழமாகவும் இருக்கிறது. எனக்கு வேண்டியது இதுதானே! படியேறினேன்.

கடைக்கார பாய் கண்ணாடிக்கு மேலே பார்த்து, "வாங்க வாத்தியாரய்யா. யாருக்குத் தொப்பி?" என்றார்.

"சின்னதா ஒண்ணு வேணும் பாய்."

"தலை எம்புட்டு?"

"மூணு விரக்கடை."

அவர் ஊசியைக் கீழே வைத்தார். "மூணு விரக்கடைத் தலையா? புள்ளை பிறந்துருச்சா, இல்லை இனிமேத்தானா?"

துண்டைப் பிரித்துக் குழாயைக் காட்டினேன். "இதுக்கு ஒரு தொப்பி வேணும். நாளைக்குக் காலையில வேணும்." அவசரத்தில் நான் சொன்னது இவ்வளவுதான். எதற்கு, என்ன என்று ஒரு வார்த்தை விளக்கவில்லை. கணக்கு வாத்தியாருக்கு இது அழகா என்று பிறகு எத்தனையோ தடவை என்னை நானே கேட்டுக்கொண்டேன்.

பாய் குழாயைச் சுற்றி அங்குலத் துணியை வைத்து அளந்தார். திருப்பிப் பார்த்து, இதில் நெற்றிப் பக்கம் எது, பிடரிப் பக்கம் எது என்று கேட்டார். எல்லாப் பக்கமும் ஒன்றுதான் என்றதற்கு, "அப்ப வேலை சுலபம்" என்றார். குழந்தைத் தொப்பி விலைதான், எட்டணா.

மறுநாள் காலையில் அவர் கையில் கொடுத்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அச்சு அசல் துருக்கித் தொப்பி. உள்ளே கறுப்பு வெல்வெட்டு, வெளியே சிவப்பு, உச்சியில் சின்னக் குஞ்சம். குழாயில் மாட்டினால் கச்சிதமாக உட்கார்ந்தது. குஞ்சத்தைப் பிடித்து இழுத்தால் பெட்டி ஆடாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. ஐந்து ரூபாய் மூடிக்குக் குஞ்சம் உண்டா என்று சென்னைக் கடைக்காரனைக் கேட்க வேண்டும் போலிருந்தது.

என் கையில் மிச்சமிருந்தவை இரண்டே கண்ணாடிப் பிளேட்டுகள். சனிக்கிழமை மத்தியானம் சமயநல்லூரில் பியூன் வீட்டுச் சுவரோரம் நாற்காலி போட்டு அவனை உட்காரவைத்து, குழந்தையை மடியில் கொடுத்து, மனைவியைப் பக்கத்தில் நிறுத்தினேன். பிளேட்டில் வெளிச்சம் படாமல் காக்கிற மறைப்பை உருவிய நேரம் பார்த்துக் குழந்தை வீறிட்டது. மூடிதான் இருக்கிறதே என்று குழந்தை அடங்கும் வரை சாவகாசமாக நின்றேன். பிறகு குஞ்சத்தைப் பிடித்து இழுத்தேன், மூன்று எண்ணினேன், மாட்டினேன். கூடியிருந்தவர்கள், "பெட்டிக்குக் குல்லாப் போட்டிருக்குடோய்" என்று சிரித்தார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவிடுக்கில் சாக்கை அடைத்து, பிளேட்டை மருந்தில் கழுவினேன். ஒரு முகம் இல்லை, ஒரு கை இல்லை. பிளேட்டு முழுக்கத் தார் பூசியதுபோல் ஒரே கறுப்பு. மருந்தைத் திட்டினேன், யுத்தத்தைத் திட்டினேன், அந்தப் பாதிரியாரைக்கூட விடவில்லை. மனைவி தொப்பியை எடுத்துக் கண்ணோடு ஒட்டி வைத்து விளக்கைப் பார்த்தாள்.

"ஏங்க, இதுல பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு ஓட்டை இருக்கு."

ஊசி முனையளவு ஓட்டைகள். வெல்வெட்டு மடிப்பில் என் கண்ணுக்குப் படவில்லை. குழந்தை அழுத நேரம் முழுவதும் அதன் வழியே வெயில் உள்ளே போய்க்கொண்டிருந்திருக்கிறது. வெளிச்சம் பட்ட இடமெல்லாம் பிளேட்டில் கறுத்துத்தானே போகும்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்ததும் முடியாததுமாகக் காஜிமார் தெருவுக்கு ஓடினேன். "என்ன பாய், தொப்பியில ஓட்டை போட்டுட்டீங்களே!"

பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. "ஓட்டை இல்லாமத் தொப்பியா? காத்துப் போகலைன்னா தலை வேர்த்துப் புழுங்கிப் போகும்ல? நீங்க கேக்காமலே பொடிசாப் போட்டுக் குடுத்தேன். இந்த வேலையை எட்டணாவுக்கு எவன் செய்வான்?"

அப்போதுதான் நிதானமாக முழுக் கதையையும் சொன்னேன். பியூன், செவ்வாய்க்கிழமை ரயில், கைக்குழந்தை, கறுத்துப்போன பிளேட்டு, மிச்சமிருக்கிற ஒன்று. அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "யா அல்லா, வெளிச்சம் போகக் கூடாதுன்னு முதல்லயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா?" மெல்லிய தோலை வட்டமாக வெட்டி இரண்டு ஓட்டையின் மேலும் வைத்துத் தைத்தார். வெல்வெட்டுக்குள் இன்னொரு கறுப்புத் துணியும் சேர்த்தார். வெயிலில் பிடித்து ஒரு கண்ணால் பார்த்தார், மறு கண்ணாலும் பார்த்தார். காசு வாங்கவில்லை. "நாளைக்கு நானும் வாரேன். மறுபடி கோளாறாயிருச்சுன்னா எனக்குத் தூக்கம் வராது" என்றார்.

திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு நானும் பாயும் பஸ்ஸில் சமயநல்லூர் போனோம். கடைசிப் பிளேட்டு. பாய் கையிலிருந்த குடையை விரித்து, "எதுக்கும் இருக்கட்டும்" என்று பெட்டிக்கு மேலே நிழல் பிடித்தார். இந்தத் தடவை குழந்தை தூங்கிவிட்டது. பியூன் தன் அதிகாரி முன்னால் நிற்பதுபோல் விறைத்து உட்கார்ந்திருந்தான். ஒன்று, இரண்டு, மூன்று. மூடினேன். பாய் அப்போதுதான் மூச்சு விட்டார்.

படம் விழுந்தது. அவன் முகம் துல்லியமாக, மீசையின் ஒவ்வொரு மயிரும் தெரிய விழுந்திருந்தது. அன்று மத்தியான வெயிலிலேயே மொட்டைமாடியில் காகிதத்தில் அச்செடுத்து, செவ்வாய்க்கிழமை காலையில் ரயிலுக்கு முன்னால் இரண்டு பிரதிகள் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒன்று அவன் பைக்குள் போயிற்று, ஒன்று வீட்டுச் சுவரில் ஏறியது.

அவன் திரும்பி வர நாலு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. நடுவில் எட்டு மாதம் கடிதமே இல்லாமல் இருந்தது. அந்த எட்டு மாதமும் நான் சமயநல்லூர்ப் பக்கம் போகவே பயந்தேன். யுத்தம் முடிந்து, இன்ன நாள் வருகிறான் என்று கடிதம் வந்தபோது அவன் மனைவி குழந்தையைக் கூட்டிக்கொண்டு மதுரை ரயிலடிக்கு வந்திருக்கிறாள். மறுநாள் மூன்று பேருமாக என் வீட்டுக்கு வந்தார்கள். அவள்தான் சொன்னாள்.

"ரயிலு முழுக்கப் பட்டாளத்துக்காரங்க ஐயா. எல்லாரும் ஒரே காக்கி. நான் நல்லா ஓங்குதாங்கா இருந்த மனுசனைத் தேடிக்கிட்டே இருக்கேன். இவரு என்னடான்னா காச்சல்ல விழுந்து எந்திரிச்சு பாதி ஆளாயிட்டாரு. என்னைத் தாண்டியே போறாரு, எனக்கு அடையாளம் தெரியலை. இவதான் என் கையை உதறிட்டு ஓடிப் போயி அவரு காலைக் கட்டிக்கிட்டா. 'அப்பா'ன்னு ஒரு கத்து. தினம் சுவத்துப் படத்துல பாத்த மூஞ்சியாச்சே."

பியூன் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தான். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை. பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, இதைப் பாயிடம் சொல்லக் காஜிமார் தெருவுக்குக் கிளம்பினேன்.